கம்ப்ளெயின்ட் பொட்டி சாவி என் கையில இருந்தப்ப

வேலைக்கு சேந்த நாளு

ட்ரஸ்ட்டுலயும் சங்கத்துலயும் புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு எதுனா எழுதிக் குடுன்னு ட்ரஸ்ட்டுங்களுக்கு கிளாஸு எடுக்கறவங்க கேட்டாங்க. நான் படிச்சது மூணாங்கிளாஸ். மூணாங்கிளாஸ் டீச்சருக்கு கண்ணாலம் ஆயி அவங்க நின்னுட்டாங்க. அவங்களே வரல, நமக்கு மட்டும் அங்க இன்னா வேலன்னு நானும் நின்னுட்டேன். அதனால எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காத.

எண்பதுகள் முடியற நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டாண்ட ஒரு தையல் சென்டர். நடத்துனது ஒரு ட்ரஸ்ட், அதோட பேரு வாணாம். ஆவடி, வெள்ளானூர், வேப்பம்பட்டு பக்கத்து ஏழப் பொண்ணுங்க வந்து ஆறு மாசம் மெஷின் கத்துக்கும். கத்துகினதும் எஸ்டேட்டுல இருக்கற எக்ஸ்போர்ட் கம்பெனிங்க எடுத்துக்கும். காத்தால கூட்டிகினு வரவும் சாயங்காலம் கொண்டுபோய் வுடவும் ஒரு பழைய வேன். யாரோ தானமா குடுத்தது. தானமா குடுக்கற வண்டி எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா?

மொத நாளு செகரட்டரி மேடம் கண்ணாடிய மூக்குல எறக்கி வுட்டுகினு, "உனக்கு என்னம்மா தெரியும்?"னு கேட்டாங்க. பெருக்குவேன், டீ போடுவேன், யாரு மாதிரி வேணா பேசிக் காட்டுவேன்னேன். எங்க காட்டுன்னாங்க. வாசல்ல நின்ன வாட்ச்மேன் என்னை உள்ள வுடாம எப்படி மெரட்டுனாரோ அத்த அப்படியே செஞ்சேன். மேடம் வாயப் பொத்திகினு சிரிச்சாங்க. நாளைக்கே ஆயா வேலைக்கு வந்துடுன்னாங்க. அந்த சிரிப்புக்குத்தான் எனக்கு வேல கெடச்சிது. பின்னாடி நடந்ததுக்கும் அந்த சிரிப்புதான் காரணம்னு இப்ப தோணுது.

பொட்டி வந்த கத

ரெண்டு வருசம் போச்சு. நிதி குடுக்கறவங்க டில்லியிலேர்ந்து வந்தாங்க. பொண்ணுங்களுக்கு எதுனா கொறன்னா எங்க சொல்லும்னு கேட்டாங்க. இங்க எல்லாரும் ஒரே குடும்பம், நேரா என்கிட்டயே வந்து சொல்லுவாங்கன்னு மேடம் சொன்னாங்க. டில்லிக்காரங்க ஒத்துக்கல. பொட்டி வெக்கணும், பேரு போடாம எழுதிப் போடலாம்னு இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க.

கமிட்டி கூடி தீர்மானம் போட்டுச்சி. மாசத்துக்கு ஒரு தபா செகரட்டரியும் இன்னொரு கமிட்டி மெம்பரும் சேந்து தொறக்கணும், வந்தத கமிட்டியில படிக்கணும். ஆசாரி வந்து மரப்பொட்டி செஞ்சி சொவுத்துல அடிச்சாரு. பூட்டு போட்டாச்சு.

மொத மாசம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது மாசம் ஒரே ஒரு காய்தம், டீயில சக்கர பத்தலன்னு. அது என்னையப் பத்தின கம்ப்ளெயின்ட்டுதான். மூணாவது மாசம் மெம்பரு ஊருக்குப் போய்ட்டாரு, மேடத்துக்கு வேற வேல. சாவிய என் கையில குடுத்து, "பட்டம்மா, நீயே தொறந்து பாத்துக்கோ. முக்கியமா ஏதாவது இருந்தா மட்டும் என்கிட்ட கொண்டு வா"ன்னாங்க.

எது முக்கியம்னு அவங்க சொல்லல, நானும் கேக்கல. சாவிய தாலிக் கயித்துல பின்னூசி போட்டு மாட்டிகினேன். எங்க ஊட்டு சாவி தவர வேற எந்த சாவியும் அதுவரைக்கும் என்னாண்ட இருந்ததில்ல. சோக்கா நடந்தேன் அன்னிக்கி.

டீ நேரம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மனசுக்குள்ள படிக்க வராது, வாய் வுட்டுத்தான் படிக்கணும். பத்தரை மணி டீக்கு தையல் டீச்சர், வாட்ச்மேன், டிரைவர் மணி மூணு பேரும் கிச்சனாண்ட வந்து நிப்பாங்க. அப்பதான் நான் பொட்டியத் தொறப்பேன். சும்மா படிச்சா சப்புன்னு இருக்கும்ல? அதனால எழுதுனவ மாதிரி குரல மாத்தி, கைய ஆட்டி படிப்பேன். பேரு போட்டிருக்காது. ஆனா எழுத்தப் பாத்தா, காய்தத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும். யாருன்னு பேரச் சொல்ல மாட்டேன், நடந்து காட்டுவேன். அவங்க கண்டுபுடிச்சிடுவாங்க. எல்லாரும் வவுத்தப் புடிச்சிகினு சிரிப்பாங்க. டீ ஆறிப்போவும்.

இதுல இன்னா தப்புன்னு எனக்கு அன்னிக்கி தோணல.

ஒரு நாளு பிரவுன் பேப்பர்ல ஒரு காய்தம். சட்டைக்கு அளவு வரைஞ்சி வெட்டப் பழக குடுக்கற பேப்பரு. ஓரத்த நாலு பக்கமும் ஹெம்மிங் அடிக்கற மாதிரி மடிச்சி கீது. அப்படி மடிக்கிறவ ஒருத்திதான், கமலா. வேப்பம்பட்டுலேர்ந்து வர்றவ. பத்தொம்போது வயசு, அதிகம் பேசாது. அவ தச்ச காலர மத்த பொண்ணுங்களுக்கு டீச்சர் எடுத்துக் காட்டுவாங்க. அப்பன் இல்ல, அம்மா மட்டும்.

காய்தத்துல இருந்தது இதுதான்: "வேனின் பின் கதவு மூடவில்லை. தாழ்ப்பாள் உடைந்து சைக்கிள் ட்யூப்பால் கட்டியிருக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் திறந்துகொள்கிறது. யாராவது விழுவதற்குள் சரி செய்யவும்."

நான் எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள மணிக்கு மூஞ்சி செவந்துபோச்சு. வேன் அவனுது இல்லன்னாலும் அத்த தன் ஊட்டு மாடு மாதிரி நெனச்சி பேசுவான். அவன் கோவத்த தணிக்கிறேன்னு நான் எழுந்து, தலைய குனிஞ்சிகினு, கமலா மாதிரியே சின்னச் சின்னதா அடி வெச்சி நடந்து, கிச்சன் கதவத் தட்டிப் பாத்து, "தாழ்ப்பா சரியில்லியே, இந்த டீய நான் குடிக்க மாட்டேன்"னேன். மணி சிரிச்சிட்டான். டீச்சரும் சிரிச்சாங்க. கதவு இன்ஸ்பெக்டர்னு நான்தான் பேரு வெச்சேன்.

அந்தக் காய்தத்த மேடத்தாண்ட கொண்டுபோவல. முக்கியம்னு தோணல. ட்யூப்பால கட்டிகினு ஒரு வருசமா ஓடிகினுதான இருந்துச்சி வேனு? நானும் அதுலதான் போயி வர்றேன், எனக்கு இன்னா ஆச்சின்னு நெனச்சேன்.

ரெண்டாவது காய்தம்

அன்னிக்கி சாயங்காலமே மணி ஆரம்பிச்சிட்டான். பொண்ணுங்க வேன்ல ஏறும்போது கமலாவ மட்டும் நிறுத்தி, "இன்ஸ்பெக்டரம்மா, கதவ செக் பண்ணிட்டீங்களா, வண்டிய எடுக்கலாமா?"ன்னான். மறுநாளும் அதேதான். மூணாவது நாளு அவள கடைசி சீட்டுல, கதவாண்ட குந்த வெச்சி, ட்யூப்ப அவ கையில குடுத்துட்டான். "உனக்குத்தான பயம்? நீயே புடிச்சிகினு வா."

பொண்ணுங்க சிரிச்சுதுங்க. முன்னாடி சீட்டுல குந்திகினு நானும் சிரிச்சேன். அவ சிரிக்கல. அழவும் இல்ல. ட்யூப்ப கையில ஒரு சுத்து சுத்திகினு ஜன்னல் பக்கம் பாத்துகினு வந்தா. அதுக்கப்புறம் தெனமும் அதுதான் அவ சீட்டு.

ஒரு வாரம் கழிச்சி பொட்டியத் தொறந்தா மறுபடியும் பிரவுன் பேப்பரு, ஓரம் மடிச்சது. நல்லவேளை, அப்ப யாரும் பக்கத்துல இல்ல. முணுமுணுன்னு படிச்சேன்.

"இந்தப் பெட்டியைச் செகரட்டரி மேடம் மட்டும் திறக்கவும். ஆயா படிக்கக் கூடாது. அவங்க எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க. கதவை இன்னும் சரி செய்யவில்லை."

நீங்க இன்னா செஞ்சிருப்பீங்களோ எனக்குத் தெரியாது. நான் செஞ்சத சொல்றேன். மேடத்தாண்ட கொண்டுபோனா என் சாவி போவும், வேலையும் போவும்னு பயம். அத வுட கோவம். நான் இன்னா கெட்டது செஞ்சேன் இவளுக்கு, வெளையாட்டுக்கு சொன்னது கூட இவளுக்குப் புரியாதான்னு. அந்தக் காய்தத்த மடிச்சி ஸ்டவ்வுல வெச்சிட்டேன். அதுலயேதான் டீக்குத் தண்ணி கொதிச்சிது. மொத காய்தமும் கூடவே போச்சு.

யாரப் பத்தி கம்ப்ளெயின்ட்டோ அவங்க கையிலயே சாவி இருந்தா இதுதான் நடக்கும். இதச் சொல்ல ஒரு வரி போதும், பாரு. எனக்குப் புரிய எத்தினி வருசம் ஆச்சுன்றதத்தான் எழுதிகினு வர்றேன்.

திருமுல்லவாயல் தாண்டி

கமலா எக்ஸ்போர்ட் கம்பெனியில டெஸ்ட்டுக்குப் போயி காலர் தச்சிக் காட்டி பாஸாயிட்டா. அடுத்த திங்கக்கெழம சேரணும். சென்டர்ல அவளுக்கு அதான் கடைசி வாரம்.

வியாயக்கெழம சாயங்காலம். வெளிச்சம் நல்லாதான் இருந்துச்சி. வேன் திருமுல்லவாயல் தாண்டி வந்துகினு இருக்கு. நான் முன்னாடி சீட்டுல திரும்பி குந்திகினு, டில்லிக்காரங்க தமிழ் பேசுனா எப்படி இருக்கும்னு செஞ்சிக் காட்டிகினு இருந்தேன். வேனே அதிருது சிரிப்புல. கமலா பின்னாடியிலேர்ந்து எதோ சொன்னா. வாய் அசையறது எனக்குத் தெரிஞ்சிது. இன்னான்னு கேக்கல.

ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி தூக்கிப் போட்டுச்சி. கதவு படக்குன்னு தொறந்துகிச்சி. ட்யூப்பு அவ மணிக்கட்டுல சுத்தி இருந்ததால கதவு அவளையும் சேத்து இழுத்துச்சி. மணி பிரேக் போட்டதும் கதவு திரும்ப வந்து அவ வலது கைய நசுக்கிடுச்சி. கீழ வுழுந்தவள தூக்கி, வந்த ஆட்டோவ நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனோம். என் மடியில தல வெச்சி படுத்துகினு வந்தா.

கை பொழச்சிது. ஆள்காட்டி விரலும் நடு விரலும் மடங்காம நின்னுபோச்சு. துணிய மெஷினுக்குத் தள்ள அந்த ரெண்டு வெரலும்தான் வேணும்.

மறுநாளே மேடம் வெல்டர வரவழைச்சாங்க. புதுத் தாழ்ப்பா வெக்க அவருக்கு அரமணி நேரம்தான் ஆச்சு.

விசாரண

கமிட்டியில ரங்கநாதன் சார்னு ஒருத்தரு. டிஃபென்ஸ் ஃபேக்டரியில சேஃப்டி ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருதான் விசாரிச்சாரு. அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரரு நல்ல மாதிரி. தைக்க முடியாட்டி தச்ச துணிய சரி பாக்கற செக்கிங்ல போட்டுக்கறோம், பொண்ணு மேல தப்பில்லன்னு சென்டர் ஒரு லெட்டர் மட்டும் குடுக்கட்டும்னு சொல்லியிருந்தாரு. அந்த லெட்டர் வருமா வராதான்றது இந்த விசாரணையிலதான் இருந்துச்சி.

கைல மாவுக்கட்டோட கமலா நின்னா. பின்னாடி வாசப்படியாண்ட அவ அம்மா, முந்தானைய இழுத்துப் போத்திகினு.

"நான் ரெண்டு தபா எழுதிப் போட்டேன் சார்"னு கமலா சொன்னா.

சார் என் பக்கம் திரும்புனாரு. "சாவி உங்ககிட்டதான இருக்கும்மா? ஏதாவது வந்துச்சா?"

மேடம் என்னையப் பாத்தாங்க. சாவிய எனக்குக் குடுத்தது அவங்க, அது தீர்மானத்துக்கு விரோதம். காய்தம் வந்துச்சின்னா அவங்களும் மாட்டுவாங்க. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரிஞ்சிது. ஆனா அவங்க மேல பழி போட மாட்டேன். அவங்க அப்படிப் பாக்காட்டியும் நான் இதத்தான் சொல்லியிருப்பேன்.

"ஒண்ணும் வரல சார்."

மணி, அந்தப் பொண்ணுதான் வெளையாட்டா கதவப் புடிச்சிகினு வரும், சொன்னா கேக்காதுன்னான். மத்த பொண்ணுங்களுக்கு அடுத்த மாசம் டெஸ்ட்டு, வேலைக்கு சிபாரிசு வேணும். தலைய குனிஞ்சிகினு ஆமான்னுதுங்க. கவனக்குறைவாக கதவைப் பிடித்து விளையாடியதால்னு நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. கம்பெனிக்கு லெட்டர் போவல.

கமலா என்னைத் திட்டல. பாத்துட்டுப் போய்ட்டா. அவ அம்மாதான் உள்ள வந்து, "வெளையாட்டுப் புத்தி சார், மன்னிச்சிக்கோங்க"ன்னு எல்லாரையும் கும்புட்டாங்க. என்னையும் கும்புட்டாங்க.

முகப்பேர் கிளாஸு

அதுக்கப்புறம் டீ நேரத்துல பொட்டிய நான் தொறக்கல. தொறந்தாலும் அதுல ஒண்ணும் இருந்திருக்காது. வருசக்கணக்கா ஒரு காய்தம் வுழல. கொறையே இல்லாத சென்டர்னு ரிப்போர்ட்டுல எழுதுனாங்க. பொட்டி காலியா கீதுன்னா எல்லாம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம் இல்ல. எழுதிப் பிரயோஜனம் இல்லன்னு பொண்ணுங்க புரிஞ்சிகிச்சின்னு அர்த்தம்.

ஆறேழு வருசம் கழிச்சி, முகப்பேர்ல ஒரு ஹால்ல சின்ன ட்ரஸ்ட்டுங்களுக்குன்னு கிளாஸு வெச்சாங்க. ரிஸ்க் மேனேஜ்மென்ட்டு, நல்ல நிர்வாகம்னு தலைப்பு. ஒவ்வொரு ட்ரஸ்ட்டுலேர்ந்தும் கமிட்டி ஆள் ஒருத்தரு, ஸ்டாஃப் ஒருத்தரு வரணும். ரங்கநாதன் சாரும் நானும் போனோம். சாப்பாடு நல்லா போடுவாங்கன்னுதான் நான் போனேன், பொய் இன்னாத்துக்கு.

கிளாஸு எடுத்த தம்பி நல்லா சொன்னாரு. ஆபத்து வர்றதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தரு அத்த பாத்திருப்பாங்க, அவங்க சொல்றது மேல போயி சேருதான்றதுதான் நிர்வாகம்னாரு. அப்புறம் ஆளுக்கு ஒரு அனுபவம் சொல்லுங்கன்னாரு.

என் முற வந்துச்சி. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வேற ஒரு சங்கத்துல நடந்துச்சி"ன்னு ஆரம்பிச்சி அத்தினியும் சொன்னேன். ட்யூப்பு, இன்ஸ்பெக்டர், டிரைவர் பேசற தினுசு. சொல்லச் சொல்ல சனம் சிரிக்குது. சிரிச்சா எனக்கு நிறுத்த வராது. அந்தப் பொண்ணு நடக்கற மாதிரி நடந்தும் காட்டிட்டேன், அவ்ளோ பேரு முன்னாடி. இத்த எழுதறப்ப கூட கை கூசுது.

ரங்கநாதன் சார் மட்டும் சிரிக்கல. டீக்கு வுட்டப்ப ஓரமா கூப்புட்டாரு.

"அது நம்ம வேன்தானம்மா?"

ரெண்டாந்தபாவும் இல்லன்னு சொல்ல வாய் வரல. ஆமா சார்ன்னேன். ரெண்டு காய்தமும் வந்துச்சி, நான்தான் கொளுத்துனேன்னேன்.

என்னைத் திட்டுவாருன்னு பாத்தேன். அவரு கையில இருந்த டீ கிளாஸ கீழ வெச்சிட்டு, "சாவி வெச்சிருந்த ஆளுகிட்டயே பெட்டி காலியான்னு கேட்டிருக்கேன் பாருங்க. எழுதினவ எதிர்ல நிக்கிறா, அவளை நம்பல. ஃபேக்டரியில இப்படி விசாரிச்சிருந்தா என் சட்டையக் கழட்டியிருப்பாங்க"ன்னாரு. அவரு கண்ணு கலங்கிப்போச்சு. அதுவரைக்கும் நான் அழுதது இல்ல இதுக்காக.

அடுத்த கமிட்டியில அவரே எழுந்து சொன்னாரு. பழச கிளறுனா ட்ரஸ்ட்டு பேரு கெடும்னு மேடம் சொல்லிப் பாத்தாங்க. பேரு கெட்டது அவளோடதுதான், நம்மளோடது இல்லன்னாரு. கமலா மேல பழி போட்டு நோட்டுல எழுதுனது தப்புன்னு புதுத் தீர்மானம் எழுதுனாங்க. பொட்டிக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி கமிட்டிக்கு, இன்னொண்ணு பொண்ணுங்களே பொறுக்கி எடுக்கற ஒருத்திக்கு. வந்த காய்தத்துக்கெல்லாம் நம்பர் போட்டு, இன்னா செஞ்சோம்னு பக்கத்துல எழுத ஒரு நோட்டு. ஸ்டாஃப்பப் பத்தின கம்ப்ளெயின்ட்டு ஸ்டாஃப் கைக்கே வரக்கூடாது. இதெல்லாம் எழுத ஒரு பக்கம்தான் ஆச்சு.

என்னை வேலைய வுட்டு எடுக்கல. எடுத்திருந்தா கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

வேப்பம்பட்டு

தீர்மானத்தோட காப்பிய நானே கொண்டுபோயி குடுக்கறேன்னேன். சாரும் கூட வந்தாரு. ட்ரெயின்ல போயி எறங்கி விசாரிச்சிகினு போனோம். கமலாவுக்கு கண்ணாலம் ஆயி அங்கியே ஒரு ஊடு. கொயந்த இடுப்புல. எடது கையால அரிசி களைஞ்சிகினு இருந்தா.

நான் மன்னிப்பு கேட்டேன். இன்னா சொன்னேன்னு ஞாபகம் இல்ல. சார் காய்தத்த குடுத்தாரு. அவ கையத் தொடச்சிகினு வாங்கி, நின்னபடியே முழுசா படிச்சா. படிச்சிட்டு மடிச்சி வெச்சா.

"எங்கம்மா போன வருசம் செத்துப்போச்சுக்கா. கடைசி வரைக்கும் நான் வெளையாடித்தான் கைய ஒடச்சிகினேன்னு நெனச்சிகினு இருந்துச்சி. நான் எத்தினி தபா சொன்னாலும், அவ்ளோ பெரியவங்க பொய்யா எழுதுவாங்களான்னுச்சி."

சென்டர்ல டீச்சருக்கு ஒத்தாசையா வேல இருக்கு, வர்றியாம்மான்னு சார் கேட்டாரு. இப்ப வாணாம் சார், ஊட்டுக்காரர கேட்டு சொல்றேன்னா. வரல. நாங்களும் மறுபடியும் கேக்கல.

கெளம்பும்போது நான் கேட்டேன், இத்த மத்த ட்ரஸ்ட்டுங்களுக்கு சொன்னா அவங்க உஷாரா இருப்பாங்க, சொல்லட்டுமான்னு. கொயந்தைய மறு இடுப்புக்கு மாத்திகினா.

"சொல்லு. எம்பேர சொல்லாத. என்னை மாதிரி நடந்து காட்டாத."

அதுக்கப்புறம் வருசா வருசம் அந்த கிளாஸுக்குப் போறேன். ஒவ்வொரு வருசமும் எனக்குத் தெரியாதது எதுனா ஒண்ணு சொல்லித் தர்றாங்க. என் முற வர்றப்ப எங்க சென்டர்ல நடந்துச்சி, நான்தான் செஞ்சேன்னு சொல்றேன். ஒக்காந்துகினேதான் சொல்றேன். சனம் சிரிக்கறதில்ல.

உங்க ட்ரஸ்ட்டுல ஒருத்தி ஒரு கொறய எழுதிக் குடுத்தா, அது யாரு எழுத்துன்னு பாக்காத. இன்னா எழுதியிருக்குன்னு பாரு, பாத்துட்டு சரி பண்ணக்கூடியவங்க கையில அன்னிக்கே கொண்டுபோயி குடு. அவள கேலி பண்ணி ஓட்டாத. ஓட்டுறவன பாத்து சிரிக்கவும் சிரிக்காத. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்.

கமலான்னு எழுதியிருக்கேனே, அது அவ பேரு இல்ல. ஊரையும் மாத்திட்டேன். இத்த அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி அவ ஊட்டுக்குப் போயி ஒரு காப்பி குடுத்தேன். ரெண்டு எடத்துல கோடு போட்டு அடிக்கச் சொன்னா. அடிச்சிட்டேன்.